முப்பத்தெட்டு நாள்

ஜெபிஷ் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்து இறங்கியபோது அவன் கையில் ஒரு பெட்டிகூட இல்லை. திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து கல்ஃபுக்குப் போன யாரும் அப்படி வெறுங்கையோடு திரும்பியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, களியக்காவிளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி, ஜூன் மாத மழையில் தொப்பலாக நனைந்து முற்றத்தில் வந்து நின்றான். அவன் மனைவி பிரீனா கொடியில் கிடந்த துணியை எடுக்க ஐந்து மாத வயிற்றோடு வெளியே வந்திருந்தாள். அவனைக் கண்டதும் எடுத்த துணியெல்லாம் கையிலிருந்து நழுவ, அப்படியே நின்று சிரித்தாள்.

கம்பெனியை மூடிவிட்டார்கள், ஆட்களை மொத்தமாகத் திருப்பி அனுப்புகிறார்கள், பெட்டி பின்னால் கார்கோவில் வரும் என்று சொன்னான். பிரீனா நம்பினாள். அவன் அம்மை ஜெபகுமாரி அதற்கும் மேலே போய், பிள்ளைப்பேறுக்குத் தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கர்த்தர் செய்த காரியம் இது என்று ஜெபம் பண்ணினாள்.

நடந்தது வேறு. ஜெபிஷுக்கு முப்பத்திமூன்று வயது. ஒன்பது வருடமாக ஒரே கம்பெனியில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை விசா புதுப்பிக்க ரத்தம் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை கொடுத்த மூன்றாம் நாள், வேலை நடக்கும் இடத்துக்கே வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் அவனை ஏற்றிக்கொண்டுபோய், வெளியே பூட்டுப்போட்ட ஒரு வார்டில் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே பதினொரு பேர் இருந்தார்கள். எதற்கென்று எவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் தரை துடைக்க வந்த மலையாளிதான், அவன் முகத்தைப் பார்க்காமல், ரத்தத்தில் எய்ட்ஸ் கண்டிருக்கிறார்கள், அதுதான் காரியம் என்றான். அன்றைக்கே நேராக விமான நிலையம். தங்கியிருந்த அறைக்குப் போய் ஒரு சட்டை எடுக்கக்கூட விடவில்லை.

எங்கிருந்து வந்தது என்று அவன் யோசித்துத் திணற வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டே மாதத்தில் திரும்பிப் போனவன். அதற்கடுத்த வருடம், அறையில் இருந்தவர்களோடு இரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனான். இரண்டாவது தடவைக்குப் பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்து நிறுத்திக்கொண்டான். இரண்டே தடவை. அந்த வார்டில் படுத்துக்கொண்டு அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளையும் அவன் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தான்.

அதைவிட மோசமான கணக்கு ஒன்று இருந்தது. போன கிறிஸ்மஸுக்கு லீவில் வந்து பிப்ரவரி முதல் வாரம்வரை ஊரில் இருந்தான். அந்த லீவில்தான் பிரீனா உண்டானாள்.

எய்ட்ஸ் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது தெருக்கோடியில் மரியஜான் என்று ஒரு லாரி டிரைவர் இருந்தார். ஆள் உருகி உருகிப் பனங்கம்பு போல ஆகிச் செத்தார். சவப்பெட்டியைத் தூக்கக் கூடப்பிறந்தவர்களே வரவில்லை. சபையில் நாலு பேர் கையில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு தூக்கினார்கள். பிறகு வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அந்த வெள்ளைப்பொடி மழை வரும்வரை வாசலில் கிடந்தது. பள்ளிக்கூடச் சுவரில் மண்டையோடு வரைந்து இதற்கு மருந்து கிடையாது என்று எழுதியிருந்த காலம் அது.

இப்போது அவன் முதுகுவலி என்று சொல்லித் தரையில் பாய் போட்டுப் படுத்தான். தனி டம்ளரில் குடித்தான். போனில் பார்த்தால் ஒருவர் பத்து வருடம் என்றார், ஒருவர் மூன்று என்றார், கேரளத்தில் ஒரு வைத்தியர் கஷாயத்திலேயே தீர்த்துவிடுவேன் என்றார். பத்து வருடம் என்றால் பிள்ளை நாலாம் வகுப்புப் படிக்கும்போது. மூன்று என்றால் அதற்கு அவன் முகமே ஓர்மை இருக்காது.

வேலை போன விசாரம் என்று பிரீனா நினைத்துக்கொண்டாள். "வேல இன்னொண்ணு கெடைக்கும். நீங்க இஞ்ச இருக்கியளே, அது போரும்" என்று அவன் தலையைத் தடவ வந்தாள். அவன் விலகி எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றான். அவளைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது. தொடாமல் இருந்தால் அவள் முகம் வாடுவதைப் பார்க்கவும் முடியவில்லை.

ஐந்தாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையை எடுத்தான். பிப்ரவரி கடைசியில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் வரிசையாக எழுதியிருந்தன. ரத்தப்பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை. அதற்குக் கீழே எச்.ஐ.வி. என்ற எழுத்துக்கு நேராக, இல்லை என்று போட்டிருந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். அன்றைக்கு ஊர் வந்தபின் முதல் முறையாக வயிறு நிறையச் சோறு தின்றான்.

அந்த ஒரு வரிதான் அவனைக் கெடுத்தது. அவளுக்கு ஒன்றுமில்லை என்றால் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பிள்ளை பிறக்கட்டும், மெல்லச் சொல்லலாம் என்று மனது ஒரு வழியைப் பிடித்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனான். வேலைக்குப் பயோடேட்டா கொடுக்கப் போவதாக வீட்டில் சொன்னான். நம்பிக்கை மையம் என்று பலகை போட்ட அறையில் ஸ்மிதா என்று ஒரு ஆலோசகர். நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, பொறுமையான குரல். அவர்களும் ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை முன்னூற்றுப் பத்து என்று வந்தது. நல்ல உடம்புக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு இன்னும் எத்தன வருசம்?"

"இத எல்லாரும் கேப்பாங்க" என்றார் ஸ்மிதா. "நாளுக்கு ஒரு மாத்திர. ஒரு நாள்கூட விடாம தின்னா, மத்தவங்களுக்கு உள்ள ஆயுசுதான் ஏறக்கொறைய ஒங்களுக்கும். இருவது வருசமா தின்னுக்கிட்டு இருக்கவங்க இங்க வாராங்க. பேரப்பிள்ளையத் தூக்கிட்டு வாராங்க. ஆறு மாசத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிரும். அப்படி அடங்கியே இருந்தா, ஒங்ககிட்டேருந்து ஒங்க மனைவிக்கும் பரவாது. நோய முழுசா வெளியேத்த மருந்து இல்ல. அடக்கி வைக்க உண்டு."

அவன் நம்பவில்லை. அறைக்கே நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வேறு என்ன சொல்வார்கள் என்று நினைத்தான். ஆனாலும் மாத்திரை டப்பாவை வாங்கி, மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான். அன்று முதல் அவன் மாத்திரை தின்றான்.

மனைவியைக் கூட்டி வாருங்கள் என்று ஸ்மிதா அப்போதே சொன்னார். அவள் தன் அம்மை வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கூட்டி வருகிறேன் என்று பொய் சொன்னான். கர்ப்பம் என்பதைச் சொல்லவே இல்லை. மாதக் கடைசியில் போனில் கேட்டபோதும் அதே பொய். ஜூலை எட்டாம் தேதி மாத்திரை வாங்கப் போனபோது ஸ்மிதா விடவில்லை. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டார். அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்: அவளுக்கு ஒன்றுமில்லை, பிள்ளை உண்டானபோதே பார்த்துவிட்டார்கள்.

ஸ்மிதா பேனாவைக் கீழே வைத்தார். எந்தத் தேதியில் பார்த்தார்கள், நீங்கள் எந்தத் தேதியில் ஊரிலிருந்து போனீர்கள் என்று கேட்டார். அவன் சொன்னான். ஒரு தாளை எடுத்து நேராக ஒரு கோடு போட்டு, இரண்டு தேதிகளையும் அதில் குறித்துக் காட்டினார். நடுவில் மூன்று வாரம்.

"கிருமி உள்ள போன உடனே டெஸ்ட்ல தெரியாது ஜெபிஷ். சிலருக்கு ஒரு மாசம், சிலருக்கு மூணு மாசம்கூட ஆகும். அந்த அட்டைல இல்லன்னு எழுதியிருக்கது, அன்னைக்குக் காணல்லன்னு மட்டும்தான் அர்த்தம். அதுவும் கர்ப்பத்துல புதுசா வந்துச்சுன்னா பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஒங்க சம்மதத்தோட சொல்லணும்னு நான் காத்திருக்கேன். ரொம்ப நாள் காத்திருக்க மாட்டேன்."

சர்க்கரை பார்ப்பதுபோலக் கூட்டி வருகிறேன், அவளுக்குத் தெரியாமல் ரத்தம் எடுத்துவிட முடியுமா என்று அவன் கெஞ்சினான். அவர் முடியாது என்றார். சட்டத்திலும் முடியாது, நியாயத்திலும் முடியாது.

அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸை மாற்றிக் குளச்சலுக்குப் போனான். துறைமுகத்தில் மத்தியான ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடலில் கொட்டியிருந்த பாறைகளின்மேல் ஏறி, அதன் நுனிவரை நடந்துபோய் நின்றான். எடவப்பாதி மழைக்காலத்துக் கடல் மலைபோல வந்து பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று தோன்றியது. ஆனால் தீர்வது அவனுக்கு மட்டும்தான். அவள் ஒன்றும் தெரியாமல், மாத்திரை இல்லாமல், பிள்ளையைப் பெறுவாள். அதை நினைத்ததும் நுனியிலிருந்து பின்வாங்கினான். பாறையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கடல் ஆகாத ஆளா மக்கா என்று கேட்டார்.

இதற்குப் பிறகும் அவனுக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை பதினொன்றாம் தேதி, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏழாம் மாதம் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பிரீனாவை மார்த்தாண்டத்தில் தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு தனியார் லேபுக்குக் கூட்டிப் போனான். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே இருந்த ஆன்ஸ்லின் என்ற தாடிக்காரப் பையனிடம் எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்த்துவிடு, அவளிடம் சொல்ல வேண்டாம் என்றான். ஆன்ஸ்லின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜெபிஷ் அவன் கையைப் பிடிக்கப் போனான், எட்டவில்லை.

"அக்கா, ஒங்க மாப்பிள ஒரு டெஸ்ட்டு கூடுதலா எடுக்கச் சொல்லுதாரு" என்றான் ஆன்ஸ்லின். "ஒங்க சம்மதம் இல்லாம எடுக்க மாட்டேன். வாசிச்சுப் பாருங்க. இஷ்டம்னா கையெழுத்துப் போடுங்க."

குளுக்கோஸ் தண்ணீர் குடித்த டம்ளர் இன்னும் பிரீனாவின் கையில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாளை வாங்கி வாசித்தாள். பி.எஸ்ஸி. படித்தவள். வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் தாளிலேயே குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து ஜெபிஷைப் பார்த்தாள். அவன் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அரை மணிநேரம் ஆனது. இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இருக்கும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ஸ்லின் வந்து அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டான். கதவு சாத்தவில்லை. இதில் இருப்பதாகக் காட்டுகிறது அக்கா, இது ஒன்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இன்றைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதி செய்யுங்கள், கர்ப்பிணி என்றால் தாமதிக்கக் கூடாது என்று அவன் தாழ்ந்த குரலில் சொல்வது ஜெபிஷுக்குக் கேட்டது.

வெளியே வந்தவள் மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். போவோமா என்று அவன் கேட்டான்.

"சர்க்கரைக்கு எடுக்க இன்னும் ஒரு மணிக்கூறு இருக்கு" என்றாள். "அதையும் குடுத்துட்டே போவோம்."

அந்த ஒரு மணிநேரமும் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டாவது ரத்தமும் கொடுத்தாள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அவள் பின்னந்தலையைப் பார்த்தபடி வந்தான். தக்கலை தாண்டும்போது அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த கிழவி எதையோ கேட்டாள். பிரீனா தலையை ஆட்டினாள்.

ஆசாரிபள்ளத்திலும் அதே முடிவுதான் வந்தது. ஸ்மிதா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிரீனா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளைக்கு வருமா?"

"மாத்திரையே இல்லாம விட்டா மூணு பிள்ளையில ஒண்ணுக்கு வரலாம். இன்னைக்குத் தொடங்கி, பேறுக்கு முன்னாடி கிருமி அடங்கிட்டா, நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு. அவ்வளவுதான். ஒங்களுக்கு இன்னும் பன்னெண்டு வாரம் இருக்கு. அடங்கும். நெறைய பேருக்கு அடங்கிப் பாத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, உண்மையை மறைக்க மாட்டாதவராக, "இன்னும் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லது" என்றும் சொன்னார்.

பிரீனா அப்போதுதான் ஜெபிஷ் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"அங்க வச்சே."

"ஜூன் மூணாந்தேதி வந்திய." அவள் விரல் மடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே எண்ணினாள். "முப்பத்தெட்டு நாளு." பிறகு, "நீங்க மாத்திர தின்னுதியளா?"

அவன் தலையசைத்தான்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"நீங்க தின்னிய" என்றாள். "ஒங்க உயிருக்கு நீங்க தின்னிய. நானும் இந்தப் பிள்ளையும் அதே வீட்டுல, ஒங்க பாய்க்குப் பக்கத்துல கட்டில்ல, ஒண்ணும் தெரியாமக் கெடந்தோம்."

அவள் சத்தம் போடவில்லை. அந்த ஃபிளாட்டைப் பற்றியோ, யார் என்றோ, எதற்கு என்றோ அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதையெல்லாம் அவள் ஒருவேளை மன்னித்திருப்பாளோ என்னவோ. இந்த முப்பத்தெட்டு நாளைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. முதல் மாத்திரையை ஸ்மிதாவின் முன்னாலேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு, டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கீரிப்பாறை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.

கீரிப்பாறையில் அவளுடைய அக்கா ராகேல் இருந்தாள். அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை, தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் வீடு. பிரீனா போன அன்றே அக்காளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராகேலுக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது: கொசு கடித்தால் வருமா? அந்த மலைக்காட்டில் கொசுவுக்கா பஞ்சம். பிரீனாவுக்குத் தெரியவில்லை. ஸ்மிதாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். வராது, ஒரே தட்டில் தின்றாலும் வராது என்று அவர் சொன்னதும், ராகேல் தன் பாயை எடுத்துவந்து தங்கச்சியின் பாய்க்குப் பக்கத்தில் விரித்தாள்.

இங்கே ஜெபகுமாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வருமானம் போனதும் விட்டுப் போய்விட்டாளே, வயிற்றில் பிள்ளையோடு ஒரு பொம்பிளை செய்கிற காரியமா இது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். சபைக்காரி ஒருத்தியிடம் பிரீனாவின் வளர்ப்பைப் பற்றி அவள் ஏதோ சொல்லப்போக, ஜெபிஷ் அந்தம்மாவை அனுப்பிவிட்டு, அம்மையை அடுக்களைக்குள் கூட்டிப் போனான்.

"அவளச் சொல்லாதியும் அம்மா. நோய் என்னுது. அவளுக்கு நான்தான் குடுத்தது."

ஜெபகுமாரி சுவரில் சாய்ந்து, வழுக்கியதுபோலத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரியஜானைத் தூக்கிப் போனதை அவளும் பார்த்தவள்தானே. அதற்குப் பிறகு பிரீனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து அவனுடைய தட்டும் டம்ளரும் அடுக்களையில் தனியாக ஒரு மூலைக்குப் போயின. அப்படி வேண்டியதில்லை என்று ஸ்மிதா சொன்னதை அவன் விளக்கிப் பார்த்தான். செரி மக்கா, செரி மக்கா என்று தலையாட்டுவாள். தட்டு மூலையில்தான் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் மனது தாங்காமல் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு கீரிப்பாறைக்குப் போனான். ராகேல் பால் சேகரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், முழங்கைவரை ரப்பர் பால் காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நிறுத்தி, அவள் பார்க்க மாட்டாள், போய்விடுங்கள் என்றாள். பழத்தை வாங்கிக்கொண்டாள். அவன் திரும்பி நடக்கும்போது உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அது சளியா, வேறு ஏதாவது தொடக்கமா என்று அந்த ஒரு இருமலை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் சோறு தின்னாமல் செத்தான்.

மாதா மாதம் மாத்திரை வாங்கும் நாளில் மட்டும் அவளைப் பார்த்தான். மையத்தின் வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. அவன் முதலில் வந்து ஓரத்தில் உட்காருவான். ராகேலோடு வந்து அவள் மறு ஓரத்தில் உட்காருவாள். நடுவில் ஏழெட்டுப் பேர். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை வருவாள், பிறந்ததிலிருந்தே மாத்திரை தின்கிறவள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் பேத்தியோடு வருவார். ஸ்மிதா சொன்னது பொய்யில்லை என்று அவரைப் பார்த்த பிறகுதான் ஜெபிஷுக்கு உறைத்தது. தான் இன்னும் முப்பது வருடம் இருக்கலாம். இப்படியே, பெஞ்சின் இந்த ஓரத்தில். அது ஆறுதலா தண்டனையா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பரில் பிரீனாவின் ரத்தத்தில் கிருமியின் அளவு பார்த்தார்கள். கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ராகேல் எழுந்து வந்து அதை அவனிடம் சொன்னாள். பிரீனா சொல்லியனுப்பினாளா, ராகேலே வந்தாளா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் முதல் வாரம் அதே ஆசாரிபள்ளத்தில் பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு. சுகப்பிரசவம். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே வாயில் மருந்துச் சொட்டு விட்டார்கள், ஆறு வாரம் தினமும் விட வேண்டும் என்றார்கள். மாத்திரை விடாமல் தின்றால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவை பிள்ளை மார்பில் வாய் வைக்கும்போதும் பிரீனா உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவதை ராகேல் பார்த்தாள்.

ஜெபிஷை வார்டுக்குள் விட்டார்கள். நர்ஸ் பிள்ளையை நீட்டினாள். அவனுக்கு எல்லாம் தெரியும், தொட்டால் வராது, தூக்கினால் வராது. என்றாலும் கை முன்னால் வரவில்லை. கடைசியில் வாங்கினான்.

"கையத் தலைக்குக் கீழ குடுங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தொங்குது பாருங்க."

மூன்று மாதத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கையை மாற்றிக்கொடுத்தான்.

ஆறு வாரத்தில் பிள்ளையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் ஜெபிஷ் ஒரு ஏசி கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போன் அடிக்கும்போதெல்லாம் ஏணியிலிருந்து இறங்கிவிடுவான் என்று முதலாளி திட்டினார். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வராது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ஸ்மிதா சொன்னது சின்ன எண்ணாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டே வெள்ளிக்கிழமை என்பதும் சின்ன எண்தான். சின்ன எண் எதையும் அவனால் நம்ப முடியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மாத்திரை வாங்கப் போன அன்று ஸ்மிதா மூன்று பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். பிள்ளை பிரீனாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்மிதா சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளைக்கு இல்ல."

பிரீனா சிரிக்கவில்லை, அழவில்லை. பிள்ளையின் முதுகை இறுக்கிப் பிடித்தாள், அது விழித்து வீறிட்டது. ராகேல்தான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். ஸ்மிதா சொல்லிக்கொண்டே போனார்: இது முதல் டெஸ்ட்டு. பால் குடிக்கிற காலம்வரை இன்னும் கவனம் வேண்டும். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும். பதினெட்டாம் மாதம் எடுப்பதுதான் கடைசி. அதுவரை தாய் ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது.

வெளியே வந்ததும் ராகேல் மருந்துச் சீட்டோடு ஜன்னல் பக்கம் போனாள். ஜெபிஷ் பிரீனாவுக்கு இரண்டடி தள்ளி நின்றான். ஐந்து மாதமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டான்.

"வீட்டுக்கு வருவியா?"

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"பதினெட்டு மாசம் கழிஞ்சு கேளுங்க" என்றாள். "இப்ப நான் அந்த ஒரு தேதியத் தவிர வேற ஒண்ணையும் நெனச்சிட்டு இல்ல."

அக்காளும் தங்கையும் பிள்ளையும் கீரிப்பாறை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, ஜெபிஷ் திரும்பி வந்து தன் சீட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த மாதத்து மாத்திரைக்காக வரிசையின் கடைசியில் போய் நின்றான்.